சாண் நீள ரப்பர் குழாய்

காலைச் சித்த இக்கட்ட வெச்சுக்கங்க தம்பி. டின்னு மேல பட்டுரப் போகுது. எண்ணெய் டின்னுங்க, சம்பந்தி ஆலையில ஆட்டினது. மூடி இறுக்கமாத்தான் இருக்குது, இருந்தாலும் பஸ்ஸு குலுங்கற குலுங்கல்ல உங்க பேண்டுல சிந்திருச்சுன்னா எனக்கு மனசு கேக்காது. கோயமுத்தூர் வரைக்குங்களா? நானும் சிங்காநல்லூர்தான். அங்கிருந்து கணபதிக்கு இன்னொரு பஸ்ஸு புடிக்கோணும்.

பஸ்ஸுல ஏறி நெம்ப வருசம் ஆச்சுங்க. காங்கேயத்துல எந்தப் பக்கம் நிக்கறதுன்னே தெரியாம கரூர் போற பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன், கண்டக்டரு எறக்கி உட்டாரு. காத்தால இதே ரோட்டுல நான் காருலதானுங்க வந்தேன். சொந்தக் காரு. ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்ல, எங்கயும் மோதவும் இல்ல. என்ற புள்ளைக்குக் குடுத்துட்டு வர்றேன். கட்டிக் குடுத்த புள்ளைக்குங்க. இத்தனை வருசம் உசிராட்டம் வெச்சிருந்த காரை ஒரு வார்த்தையில குடுத்துட்டு வந்தேன். குடுத்தவனை வாசல் வரைக்கும் வந்து 'போயிட்டு வாங்கப்பா'ன்னு அந்தப் புள்ள சொல்லலீங்க. அதுதான் உள்ள கெடந்து உறுத்துது.

நாலு மாசமாப் பேச்சு சரியில்ல. ஒரு சாண் ரப்பர் குழாய்க்காக. சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் சொல்றேன்.

காருன்னா நீங்க நெனைக்கற காரில்லீங்க. இங்கிலீஷ் காரு. பொடிசா இருக்கும். பக்கத்துக்கு ஒரு கதவு, பின்னாடி தூக்கற கதவு ஒண்ணு. செவப்பு ஒடம்பு, வெள்ளைக் கூரை. முன்னாடி என்ஜினை மூடற பானெட்டு மேல காத்து உள்ள போறதுக்கு ஒரு ஓட்டை இருக்கும், மூக்குத் துவாரமாட்டம். ரேஸ்கோர்ஸ்ல ஒரு மில்லுக்காரரு பையன் லண்டன்ல இருந்து வரையில கப்பல்ல போட்டுக் கொண்டாந்தது. அந்தத் தம்பி ரெண்டு வருசம் ஓட்டிச்சு. அப்பறம் பார்ட்ஸு கெடைக்காம தார்ப்பாயப் போட்டு மூடிருச்சு. நான் அவிங்க மில்லுக்கு மோட்டாரு ரீவைண்டிங் பண்ணிக் குடுத்துட்டு இருந்தவன். எரிஞ்ச மோட்டாரைத் தூக்கப் போன எடத்துல தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டேன். அன்னைக்குப் புடிச்ச கெரகந்தானுங்க, கையில இருந்ததைக் குடுத்து நானே வாங்கிட்டேன்.

மத்த காருல என்ஜினு தானா மூச்சு இழுத்துக்கும். இதுல சூப்பர்சார்ஜர்னு ஒண்ணு காத்தை அமுத்தி உள்ள ஊதி உடும். பவுண்டரி உலைக்கு ப்ளோயர் வெக்கறமல்லங்க, அதாட்டம். நல்லா மிதிச்சீங்கன்னா ஊய்ங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. அவிநாசி ரோட்டுல சிக்னல்ல இருந்து கெளம்பினா, பக்கத்துல பெரிய காரு வெச்சிருக்கறவன் கண்ணாடிய எறக்கிப் பாப்பான். 'டர்போங்களா'ன்னு கேப்பான். எனக்குக் கோவம் வந்துரும். டர்போ பொகையில சுத்தறது. இது பெல்ட்டுல சுத்தறது.

சத்தத்துக்குத் தக்கன சங்கடமும் உண்டுங்க. ஒரே பெல்ட்டுதான் சூப்பர்சார்ஜரையும் சுத்தோணும், அதும் பின்னாடி இருக்கற தண்ணிப் பம்பையும் சுத்தோணும். பெல்ட்டு போனாக் காத்தும் போச்சு, தண்ணியும் போச்சு. ஒடனே நிறுத்தலீன்னா ஹெட்டு வளைஞ்சுரும். சூப்பர்சார்ஜருக்குன்னு தனியா ஒரு எண்ணெய் இருக்குது, ஒரு டம்ளரு கூட வராது. அதை மாத்தோணும்னா பம்பரு, லைட்டு, ரேடியேட்டருன்னு முன்னாடி மொகறையே முழுசாக் கழட்டோணும். கோயமுத்தூர்ல நான் காட்டாத மெக்கானிக் இல்ல. பானெட்டைத் தூக்குவாங்க, ஒரு நிமிசம் பாப்பாங்க, மெதுவா மூடிருவாங்க.

என்ற புள்ள மேகலா அப்ப மெக்கானிக்கல் படிச்சுட்டு இருந்தா. எனக்கு டார்ச்சு அடிக்கறதுக்கு வருவா. அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு. கம்ப்யூட்டர்ல தேடி அந்தக் காரோட புஸ்தகத்தை எடுத்தது அவதான். பெல்ட்டை இறுக்கி வெக்கற டென்ஷனரைத் தள்ளிப் புடிக்க ஒரு கம்பி வேணும்னு, எங்க பட்டறையில கெடந்த துண்டு இரும்பைத் தேச்சு அவளே ஒண்ணு பண்ணிக்கிட்டா. மொகறையக் கழட்டினது அவ. எண்ணெய் மாத்தினது அவ. மறுபடி பூட்டினது அவ. ஆனாப் பக்கத்துல நின்னது நானுங்க. ஒருத்தரு நின்னு சொல்லாம அந்த வேலையெல்லாம் ஆகுங்களா?

படிப்பு முடிஞ்சதும் செட்டிபாளையம் பக்கம் ரேஸு காரு பண்ற பட்டறைல வேலைக்குக் கூப்பிட்டாங்க. இவ காலேஜுல படிக்கையிலயே அங்க போயி எதையோ சரி பண்ணிக் குடுத்திருக்கறா. நான்தான் வேண்டாம்னுட்டேன். ரேஸு நடக்கற ஊருக்கெல்லாம் போகோணுமாம், அத்தனை பசங்க நடுவுல. நான் திட்டலீங்க, கத்தலீங்க. 'வேண்டாங் கண்ணு'ன்னேன். 'சரிங்கப்பா'ன்னா. அந்தத் தையிலயே காங்கேயத்துல கட்டிக் குடுத்தோம்.

நல்ல எடம் தம்பி. எண்ணெய் ஆலை, கொப்பரை காயவெக்கற களம், தோப்பு. மாப்பிள்ளை யுவராஜ் அதிர்ந்து பேசமாட்டாரு. சம்பந்தியம்மா என்ற புள்ளையக் கரண்டி புடிக்கக்கூட உடறதில்ல, எல்லாத்துக்கும் ஆளு. ஒருக்கா நான் போயிருந்தப்ப அவ கையைப் புடிச்சு என்றகிட்ட நீட்டறாங்க, 'பாருங்க சம்பந்தி, வரையில எப்பிடி இருந்த கையி, இப்பப் பூவாட்டம் ஆயிருச்சு'ன்னு. பாத்தேன். நகத்துக்குள்ள ஒரு துளி கருப்பில்ல. மேகலா எங்கயோ பாத்துட்டு நின்னுட்டிருந்தா. வெக்கம்னு நெனைச்சுக்கிட்டேன்.

வேலைக்குப் போலாமான்னு மாப்பிள்ளைகிட்ட ஒருக்காக் கேட்டிருக்கறா போல. எங்கூட்டுல சொல்லுச்சு, பாக்கியம், என்ற சம்சாரம். மாப்பிள்ளை 'அப்பாகிட்டக் கேளு'ன்னாராம். சம்பந்தி 'இங்க உனக்கு என்ன அம்மிணி கொறை'ன்னாராம். கேக்கறது நாயந்தானுங்க. என்ன கொறை?

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கட்டிக் குடுத்த புள்ள அவளாப் பொட்டியத் தூக்கிட்டு வந்தர முடியாது. அப்பனோ அண்ணனோ போயிக் கூப்புடோணும். கூப்புடறதுக்கும் ஒரு காரணம் சொல்லோணும். நோம்பி, தேரு, கலியாணம், எழவு. ஒண்ணுமில்லாம 'புள்ளைய அனுப்புங்க'ன்னு போயி நின்னா, நாங்க என்ன கொறை வெச்சுட்டோம்னு அவிங்க மனசு சங்கடப்பட்டுரும். மொத ஆடிக்குக் கூட்டிட்டு வந்தோம். அப்பறம் நோம்பியே வரல.

புரட்டாசியில பெல்ட்டு அந்துருச்சு. நான் சிறுவாணி ரோட்டுல போயிட்டிருக்கறேன், பட்டுன்னு ஒரு சத்தம். நல்லவேளை ஒடனே ஓரங்கட்டிட்டேன். மெக்கானிக் எவனும் கிட்ட வரல. வெக்கத்தை உட்டுட்டு வாடகைக் காரு புடிச்சுக் காங்கேயம் போனனுங்க. 'சொல்றதுக்கே ஒரு மாதிரி இருக்குது சம்பந்தி, காரு படுத்துக்கிச்சு. மேகலா வந்து பாத்தாத் தேவலை'ன்னேன். சம்பந்தி களம் பூராக் கேக்கற மாதிரி சிரிச்சாரு. 'டாக்டரம்மாளக் கூட்டிட்டுப் போங்க'ன்னாரு. நான் காபி குடிச்சு முடிக்கல, அவ பையோட வாசல்ல நிக்கறா.

பெல்ட்டு மாட்ட அரை நாளு ஆச்சுங்க. ஆனாப் பத்து நாள் இருந்தா. பார்ட்ஸு பாக்கறேன், பார்ட்ஸு பாக்கறேன்னு செட்டிபாளையம் போவா. காத்தால போனாப் பொழுதோடதான் வருவா. மொழங்கை வரைக்கும் கிரீஸு, முடியெல்லாம் தூசி. வந்து உக்காந்தா ரெண்டு தட்டு சோறு திம்பா. 'ஒரு பெல்ட்டுக்கு எதுக்குக் கண்ணு இத்தனை நாளு'ன்னு கேட்டேன். 'எல்லாம் சரியா செட் ஆகோணுமல்லங்கப்பா'ன்னா. அதும் சரின்னு உட்டுட்டேன். அவளுக்குத் தெரிஞ்ச பட்டறை, அங்க போனாத்தான பார்ட்ஸு கெடைக்கும்.

கொண்டுபோயி உடற அன்னைக்கு, பையெல்லாம் எடுத்து வெச்சுட்டு, 'ஒரு நிமிசங்கப்பா, தண்ணி அளவு பாத்துட்டு வந்தர்றேன்'னு ஓடுவா. பானெட்டுக்குள்ள தலைய உட்டு எதையோ தொட்டுப் பாத்துட்டு மூடிட்டு வருவா. ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான். பொறப்படற அவசரத்துலயும் எவ்வளவு அக்கறை பாருங்க.

என்ன கெரகமோ, அவ போயி ரெண்டாவது ஞாயித்துக்கெழமை காரு மொரண்டு புடிக்க ஆரம்பிச்சுரும். ஞாயித்துக்கெழமைதான் நான் எடுக்கறது. ஒருக்கா ஒரு வயரு கழண்டிருக்கும். ஒருக்காக் கிளிப்பு எளகியிருக்கும். எனக்கு எங்கேன்னு கண்டுபுடிக்கத் தெரியாது, அவ வந்துதான் பாத்துச் சொல்லுவா. ஒடனே போயி சம்பந்தி முன்னாடி நிக்க முடியுங்களா? மூணு மாசம், நாலு மாசம் தள்ளித்தான் போவேன். மாசியில ஒருக்கா, ஆனியில ஒருக்கா, ஐப்பசியில ஒருக்கா. ஊருல எல்லாருகிட்டயும் சொல்லுவேன், அந்தக் காருக்கு என்ற புள்ள கைராசி, மத்தவன் தொட்டாத் துள்ளுது, அவ இல்லீன்னா ஏங்கிப் போகுதுன்னு.

கடைசியாப் போனப்ப சம்பந்தி சிரிக்கலீங்க. 'அந்தக் காரை வித்துப் போடலாமல்லங்க சம்பந்தி'ன்னாரு. கதவுக்குப் பின்னாடி மேகலா நின்னுட்டிருந்தா. அவ மொகம் அப்பிடி ஒரு மாதிரி போனதை நான் பாத்தேன். காரு மேல அவ்வளவு உசிரு தம்பி அவளுக்கு.

அந்தத் தடவை வந்து இருந்துட்டுப் போறப்ப என்றகிட்டத் தனியாச் சொன்னா. 'அப்பா, கார்த்திகைக் கடைசியில காரு மறுபடி படுத்துக்கும். நீங்க வந்து மாமாகிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. இருபது நாள் ஆகும்னு சொல்லுங்க. மறந்துராதீங்கப்பா. வேற யாருகிட்டயும் காரைக் காட்டாதீங்க.' மாசத்தைச் சொல்லி, இத்தனை நாள் வேலைன்னும் சொல்றா. என்ன மூளை பாருங்க. ஆனா அவ கணக்கும் தப்பிருச்சுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையே துள்ள ஆரம்பிச்சுருச்சு. வேகமாப் போனா ஒண்ணுமில்ல, மெதுவாப் போனா முன்னயும் பின்னயும் இழுத்து, கூட உக்காந்திருந்த பாக்கியத்துக்குக் கழுத்து வலியே வந்துருச்சு.

நான் யோசிச்சேன். சம்பந்தி வேற மொகஞ் சுளிச்சுட்டாரு. சும்மாச் சும்மா போயிப் புள்ளைய அலைய வெக்கறது நல்லா இல்ல. அவ சொகமா இருக்கற எடத்துல எதுக்குத் தொந்தரவு? உக்கடத்துல அபுதாகிர்னு ஒரு மெக்கானிக் இருக்கறாரு, வெளிநாட்டுல வேலை பாத்துட்டு வந்தவரு, கை நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. கார்த்திகை மொத வாரம் மெதுவா உருட்டிட்டுப் போனேன்.

அவரு ஒண்ணையும் கழட்டலீங்க. லைட்டை அடிச்சுக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு. 'அண்ணே, இங்க வாங்க'ன்னாரு. சூப்பர்சார்ஜருகிட்ட ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் குழாய், பென்சிலு தடிமன் இருக்கும். அதை ஒரு பக்கம் உருவி வெச்சு, அது மாட்டற வாயில ஒரு குட்டி போல்ட்டைச் சொருகி, டேப்பு சுத்தி, கிளிப்பு போட்டு இறுக்கியிருக்குது. 'இது ஒடைஞ்சது இல்லண்ணே. வேணும்னு பண்ணுனது. எவ்வளவு நீட்டாப் பண்ணியிருக்குது பாருங்க, என்ஜினுக்கு ஒரு கேடும் வராது, ஆனா ஓட்டவும் முடியாது. நல்லாத் தொழில் தெரிஞ்ச கையி. யாருண்ணே கடைசியாத் தொட்டது?' என்ற புள்ளைன்னேன். என்னையே ஒரு பார்வை பாத்தாரு. 'எங்க கட்டிக் குடுத்திருக்கறீங்க'ன்னாரு. காங்கேயம்னேன். துணியில கையைத் தொடைச்சுக்கிட்டே சொல்றாரு, 'இதை இப்பிடியே உட்டுருங்கண்ணே. போயிப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அது வந்து எடுக்கட்டும்.'

எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க. நூறு மெக்கானிக்குக்குப் பொறவு ஒருத்தன் கண்டுபுடிச்சிருக்கறான், அவனும் கை வெக்கமாட்டேங்கறான். நான் உடல. 'இப்பவே மாட்டுங்க'ன்னு கூடவே நின்னு அந்தப் போல்ட்டைப் புடுங்கிக் குழாயை மாட்ட வெச்சேன். கெளப்பிப் பாத்தா, வெண்ணெயாட்டம் போகுதுங்க. அத்தனை சந்தோசம் எனக்கு.

அந்தச் சந்தோசத்துல அங்கயே நின்னு போன் போட்டேன். மாப்பிள்ளைதான் எடுத்தாரு. சாப்பாட்டுல உக்காந்திருக்கறோம், எல்லாரும் இருக்கறாங்க மாமான்னாரு. ஸ்பீக்கருல போடுங்கன்னேன். 'சம்பந்தி, உங்க மருமக பண்ணின வேலையக் கேட்டீங்களா. அவளே குழாயை உருவி, போல்ட்டு வெச்சு அடைச்சுட்டு வந்திருக்கறா. இத்தனை நாளும் நம்மளை அலைய வெச்சது காரில்லீங்க, இந்தத் திருட்டுப் புள்ளைதான்'னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன் தம்பி. வெளையாட்டுக்கு. இந்தப் புள்ளைக்கு எவ்வளவு சாமர்த்தியம்னு அவிங்களுக்கும் தெரியட்டுமேன்னு ஒரு பெருமை.

அந்தப் பக்கம் கரண்டி தட்டுல படற சத்தம் மட்டும் ஒருக்காக் கேட்டுச்சு. அப்பறம் சம்பந்தி 'அப்பிடீங்களா'ன்னாரு. அப்பறம் மேகலா வந்தா. 'காரு சரியாயிருச்சுங்களாப்பா'ன்னு கேட்டா. சூப்பரா ஓடுது கண்ணு, இனி நீ அலையவே வேண்டாம்னேன். 'நல்லதுங்கப்பா'ன்னு வெச்சுட்டா. அன்னையில இருந்துதான் இந்தப் பேச்சில்லாத பேச்சு. போன் பண்ணினா 'நல்லாருக்கறேன், அம்மா நல்லாருக்குதா' அவ்வளவுதான்.

ஒரு வாரங் கழிச்சு செட்டிபாளையத்துல இருந்து ஒருத்தரு கூப்பிடறாரு. 'சார், மேகலா மேடம் மார்கழிக்கு வந்துருவாங்கல்ல? சீசனுக்கு அவிங்களை நம்பித்தான் ரெண்டு காரை வெச்சிருக்கறோம். வேலையக் கூட நெரந்தரம் பண்ணிரலாம்னு பேசியிருக்கறோம்'ங்கறாரு. மேடமாம். நான் சொன்னேன், எங்க காரு சரியாயிருச்சுங்க, இனி அவ வர வேண்டிய வேலையில்லீங்கன்னு. 'நாங்க உங்க காரைக் கேக்கலீங்க சார்'ங்கறாரு. நல்லாக் கட்டிக் குடுத்தாச்சுங்க, அவ சொகமா இருக்கறா, இனி இந்த நெம்பருக்குக் கூப்பிடாதீங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். நாம நல்லபடியாப் பேசினாலும் சில பேருக்குப் புரியறதில்ல.

பாக்கியத்துகிட்டச் சொன்னேன். அவ என்ன கேட்டா தெரியுங்களா? 'அந்தக் குழாயை எதுக்குங்க மாட்டுனீங்க'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது தம்பி? காரு ஓடறது ஒரு குத்தமா? அவளும் அதுக்கப்பறம் சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிர்றா. ரெண்டு பொம்பளைங்களும் சேந்துக்கிட்டு என்னை என்னமோ கொலைகாரனாட்டம் பாக்கறாங்க. நான் அந்தப் புள்ளைய ஒரு நாள் கை நீட்டி அடிச்சதில்லீங்க. அவ அலையக்கூடாதுன்னுதான பண்ணினேன்.

பொங்கலுக்கு மாப்பிள்ளையோட வந்தா. காத்தால வந்து மத்தியானம் கெளம்பிட்டாங்க. காரு நிக்கற செட்டுப் பக்கமே போகலீங்க. கேக்கட்டும்னு நானாப் போயிக் காரைக் கெளப்பினேன், நல்லா ரேஸு பண்ணினேன். எந்தச் சத்தத்துக்கு எங்க இருந்தாலும் ஓடி வருவாளோ, அந்தச் சத்தம். அவ சமையக்கட்டுல மிக்ஸியப் போட்டுட்டா.

பொங்கலூரு தாண்டிருச்சுங்களா? இந்த எடத்துலதான் காத்தால கடைசியா நல்லா மிதிச்சேன். ரோடு காலியாக் கெடந்துச்சு. அந்தக் காரு இதுக்கு முன்னாடி அப்பிடி ஓடுனதே இல்லீங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கு அறுபத்திரெண்டு வயசு, ஒரு காருக்காக அழுதேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. ஆனா மனசுல முடிவு பண்ணியாச்சு. புள்ளைக்குக் காரு மேல உசிரு. அதைத் தொட முடியாமப் போச்சேன்னுதான அவளுக்குக் கோவம்? காரையே கொண்டுபோயி அவ வாசல்ல நிறுத்திட்டாக் கோவம் போயிரும். பாக்கியங்கிட்டச் சொன்னப்ப வேண்டாங்க, வேண்டாங்கன்னு கேட்டுக்குக் குறுக்க வந்து நின்னா. ஒரு பொருளைக் குடுக்கறதுன்னா பொம்பளைங்களுக்கு மனசு வராது. நகருன்னு சொல்லி எடுத்துட்டு வந்துட்டேன்.

சம்பந்திக்கு அத்தனை சந்தோசம். ஆலையில இருந்த ஆளுக எல்லாரும் வந்து பாத்தாங்க. சம்பந்தியம்மா ஆரத்தி எடுத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாங்க. களத்து ஓரமா ஒரு செட்டைக் காலி பண்ணச் சொல்லி, தார்ப்பாய் எடுத்துட்டு வரச் சொன்னாரு சம்பந்தி. 'இப்பத்தானுங்க சரி. புள்ளையும் இங்க, காரும் இங்க. இனி யாருக்கும் அலைச்சலில்ல'ன்னு என்ற தோளத் தட்டினாரு. நாலு மாசத்துக்கப்பறம் அந்த மனுசன் சிரிச்சது எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

எல்லாரும் டீ குடிக்க உள்ள போயிட்டாங்க. மேகலா காருகிட்ட வந்தா. சாவிய நீட்டினேன், வாங்கல. பானெட்டைத் தூக்கினா. எதையும் தேடல, நேரா அந்தக் குழாய் மேல வெரலை வெச்சா. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் மெதுவாத் தடவிப் பாத்தா. கை நெசமாவே பூவாட்டம் ஆயிருச்சுங்க.

'இதை எதுக்குங்கப்பா இங்க கொண்டாந்தீங்க?'

'உனக்குத்தாங் கண்ணு.'

'அங்கயே இருந்திருக்கலாமல்லப்பா.'

'அங்க இருந்தா நீதான அலையோணும்?'

அப்பறம் தலைய நிமித்தாமயே கேட்டா, 'இனி நான் என்ன சொல்லிட்டுங்கப்பா நம்ம ஊட்டுக்கு வருவேன்?'

'நீ வரவே வேண்டியதில்ல அம்மிணி, அதுக்குத்தான காரையே கொண்டாந்திருக்கறேன்'னேன். ஆறுதலாத்தானுங்க சொன்னேன். அவ என்னைப் பாத்தா. அப்பிடிப் பாத்தா, அவ்வளவுதான். பானெட்டை எறக்கி ரெண்டு கையையும் வெச்சு அமுத்தி மூடினா, அந்தக் காருக்கு அப்பிடித்தான் மூடோணும், ஓங்கிச் சாத்தக்கூடாது. உள்ள போயிட்டா. நான் கெளம்பையில சம்பந்தியம்மாதான் டின்னைத் தூக்கிக் குடுத்தாங்க. மேகலாவுக்குத் தலைவலி, படுத்திருக்கறான்னாங்க.

நீங்க என்ன தம்பி, அந்த அபுதாகிர் பாத்த மாதிரியே என்னைப் பாக்கறீங்க. தப்பா ஒண்ணும் பண்ணலியே நானு? பண்ணியிருந்தா வாயத் தொறந்து சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்பிடி எல்லாரும் ஒரு பார்வை பாத்துட்டு உட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?

சூலூரு வந்துருச்சுங்களா. அவிநாசிபாளையத்துல இருந்து ஒண்ணையே நெனைச்சுட்டு வர்றேன். அவ மொகம் சரியில்ல. அடுத்த வாரம் ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்தரலாம்னு இருக்குது. பாக்காம இருக்க முடியாதுங்க, எனக்கு ஒரே புள்ள. ஆனாக் குடுத்த ஊட்டுக்கு அப்பன் வெறும் ஆளாப் போயி நிக்க முடியாது. எதுக்கு வந்தீங்கன்னு அவிங்க கேக்கமாட்டாங்க, மரியாதைக்காரங்க, ஆனா மொகத்துல தெரிஞ்சுரும். இத்தனை நாளும் காரு படுத்துக்கிச்சுன்னு சொல்லிட்டுப் போவேன், போயிப் பாத்துக்குவேன். இப்பக் காரு அவிங்க களத்துல தார்ப்பாய்க்குள்ள நிக்குது. நீங்க படிச்சவராத் தெரியறீங்க, அதனால கேக்கறேன். என்ன சொல்லிட்டுத் தம்பி நான் அங்க போகட்டும்?